விடைபெறும் வாரம்

(கேலாங்கில் நடைபெற்ற சங்கக் குடும்ப ஒன்றுகூடலில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)





நான் வேலை செய்யும் நிறுவனத்தின் சார்பில் பிலிப்பீன்சின் டாவோ பகுதியில் நான்கு வாரத் தொண்டூழியத்தை முடித்து அண்மையில் திரும்பினேன், அல்ஹம்துலில்லாஹ். அதைப் பற்றிப் பேசும்படி செயலவை கேட்டுக்கொண்டது. நான்கு வாரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான்.

இத்தகைய திட்டங்களில் பலரும் அறிந்தது, ஐபிஎம் நிறுவனம் 2008ல் தொடங்கிய 'கார்ப்பரேட் சர்வீஸ் கோர்'. பல நாட்டு ஊழியர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, வளரும் நாடொன்றில் நான்கு வாரம் பணியாற்றினார்கள். போவதற்குமுன் மூன்று மாதத் தயாரிப்பு. திரும்பியபின் இரண்டு மாதத் தொடர்பணி. வெளியே தெரிவது ஒரு மாதம், உழைப்பு ஆறு மாதம். எங்கள் நிறுவனத்தின் முறையும் ஏறக்குறைய இதுதான்.

நாங்கள் சென்றது கொக்கோ பயிரிடும் சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு. பழத்திலிருந்து எடுத்த ஈரக் கொட்டையைச் சில நாள் புளிக்கவைத்து, பிறகு வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்தபின் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விவசாயி கொடுப்பது ஈர எடை. சங்கம் விற்பது காய்ந்த எடை. இரண்டுக்கும் நடுவில்தான் சந்தேகம் முளைக்கிறது. "என் கொட்டை எங்கே போயிற்று?" என்று நாலு பேர் கேட்கத் தொடங்கினால் சங்கம் நிலைக்காது.

கணக்கைக் கணினியில் ஏற்றித் தருவது எங்கள் பொறுப்பு. ஆனால், எடை போடும் பெண்களின் கையில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். முதலில் அவர்களோடு உட்கார்ந்து அந்த நோட்டிலேயே கட்டங்களைப் பிரித்தோம்: ஈர எடை, காய்ந்த எடை, கொடுத்த பணம், விவசாயியின் கையெழுத்து. பிறகு அதே கட்டங்கள் கணினிக்குப் போயின. இங்கே கேலாங்கில் டுரியான் வாங்கும்போது, கடைக்காரர் நம் கண்முன்னே நிறுத்துக் காட்டுகிறார் அல்லவா? அந்த நம்பிக்கைதான் அங்கும் தேவைப்பட்டது.

கடைசி வாரம் நாங்கள் எதையும் தொடவில்லை. அவர்களே நடத்தினார்கள், நாங்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாம் நாள் ஒரு பெண் கேட்டார்: "இரண்டு பேர் கொட்டையை ஒன்றாகக் காயவைத்தால் எப்படிப் பிரிப்பது?" அவர்களே கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஒருவர் 60 கிலோ, மற்றவர் 40 கிலோ கொடுத்திருந்தால், காய்ந்ததையும் அதே விகிதத்தில் பிரிப்பது. அதற்கான புதுக் கட்டத்தையும் அவர்களே வரைந்தார்கள். இந்தக் கேள்வி நாங்கள் விமானம் ஏறியபின் எழுந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேச யாரும் இருந்திருக்க மாட்டோம்.

அதனால்தான் சொல்கிறேன், குறுகிய காலத் தொண்டூழியத்தில் கடைசி வாரம் விருந்துக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் உரியதன்று. நம்மிடம் தரப்பட்ட பொறுப்பு ஓர் அமானிதம். உரியவர் கையில் அதை ஒழுங்காக ஒப்படைத்தால்தான் வேலை முடிந்ததாகும். நாம் இல்லாமலும் வேலை நடக்கிறது என்பதைப் பார்த்து மகிழ மனம் பழக வேண்டும். அது எளிதன்று.

நம் முன்னோர் இதைச் செய்து காட்டியவர்கள். சில ஆண்டு சம்பாதித்து ஊர் திரும்பலாம் என்று வந்தவர்கள் அவர்களில் பலர். ஆனாலும், அடுத்தவர்களுக்கென்று நிறையவே விட்டுச் சென்றார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அந்தப் பெயர் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குச் சூட்டப்பட்டது. இன்றும் நம் பிள்ளைகள் அங்கே தமிழ் படிக்கிறார்கள். கட்டடம் மாறியது, காரியம் கைமாறித் தொடர்கிறது.

நம் சங்கத்துக்கு ஐம்பது வயது. கணக்குப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, நோன்புக் கஞ்சி ஏற்பாடு என ஒவ்வொன்றையும் நெடுங்காலமாக ஒருவரே தோளில் சுமக்கிறார். அவர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தருவானாக. என் வேண்டுகோள் ஒன்றே: பெரியவர்களே, பக்கத்தில் ஓர் இளையரை இப்போதே உட்காரவையுங்கள். ஒரு மாதம் அவர் நடத்தட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் இருக்கும்போதே அவர் கேட்கட்டும். இளையர்களே, கூப்பிடும்வரை காத்திராமல் நீங்களாகவே போய் உட்காருங்கள்.

இன்ஷா அல்லாஹ், நூற்றாண்டு மலரை அவர்கள் வெளியிடுவார்கள்.

வஸ்ஸலாம்.