பரிசலும் விண்போர்க் கப்பலும்

மாணவர் ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்துப் போர்க்கப்பல் ஒன்றை வரையச் சொன்னால், அவர் வரைவது பெரும்பாலும் ஒரே வடிவமாகத்தான் இருக்கும். முன்புறம் கூர்மை, நடுவில் நீண்ட உடல், பின்புறம் புகை. அது கடற்கப்பலாயின் நமக்கு வியப்பில்லை. ஆனால், விண்வெளியில் போர் புரியும் கப்பலை வரையச் சொன்னாலும் அதே கூர்முனையையே அவர் வரைகின்றார். விஞ்ஞானக் கதை எழுதும் பெரியவர்களும், திரைப்படம் எடுப்போரும் இதற்கு விலக்கல்லர். விண்வெளியிலே தண்ணீர் இல்லை, காற்றும் இல்லை. அங்கே அந்தக் கூர்முனை எதைக் கிழித்துக்கொண்டு செல்லப்போகிறது? இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு விடைதேடப் புறப்பட்டால், நாம் போய்ச் சேரும் இடம் அமெரிக்காவோ ருஷியாவோ அன்று. நம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்தான்.

பென்னாகரம் வழியாக மேற்கே இறங்கிச் செல்லும் சாலை காவிரிக் கரையில் முடிகின்றது. அங்கே பாறைகளுக்கிடையே பரிசல்கள் ஓடுவதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள், ஏறியும் இருப்பீர்கள். மூங்கிலைப் பிளாச்சுகளாகப் பிளந்து, கூடைபோல் முடைந்து, அடிப்புறத்தைத் தோலால் போர்த்துவது பழைய முறை. இப்போது தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. வடிவம் மட்டும் மாறவில்லை. முன்புறம் என்றும் பின்புறம் என்றும் வேறுபாடற்ற வட்டம், சுக்கான் இல்லை, பாய்மரம் இல்லை, ஒரே ஒரு துடுப்பு. கப்பல் கட்டும் சாத்திரம் கற்ற ஒருவர் இதைப் பார்த்தால் முகம் சுளிக்கக்கூடும். நீரைப் பிளந்து செல்லும் தன்மை இதற்கு இல்லை. நேராகச் செல்லும் குணமும் இல்லை. கையை எடுத்தால் சுழலத் தொடங்கிவிடும்.

ஆயினும் அந்த ஆற்றுக்கு வேறெந்தப் படகு ஏற்றது என்று எண்ணிப்பாருங்கள். ஒகேனக்கல்லில் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து, செங்குத்தான பாறைகளுக்கு நடுவே நெளிகின்றது. ஓரிடத்தில் ஆழம் காணமுடியாது. அடுத்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரும் இராது. நீண்ட படகு அங்கே பாறையில் குறுக்காகச் சிக்கினால் வெள்ளம் அதை அழுத்திக் கவிழ்த்துவிடும். பரிசலோ பாறையில் மோதினால் ஒரு சுற்றுச் சுற்றி நழுவிப் போகும். மூங்கில் வளைந்து கொடுக்கும். சிறிதளவு நீரே அதற்குப் போதும். குறை என்று நாம் சொன்ன வட்டமே அதன் காப்பு. ஆற்றை அறிந்தவன் செய்த வடிவம் அது.

இத்தகைய படகு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு, பாபிலோன் நகருக்கு ஆற்றின் வழியே வரும் வட்டமான தோல் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு படகிலும் சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றி வருவார்களாம். கழுதை எதற்கு? சரக்கை விற்றபின், படகின் சட்டத்தையும் அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவதற்கு. நீரோட்டத்தை எதிர்த்து அந்தப் படகைச் செலுத்த இயலாது. இந்தக் கழுதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

பரிசல் போருக்கும் பயன்பட்டதுண்டு. விசயநகரத்துக்கு 1520-ஆம் ஆண்டை ஒட்டி வந்த போர்த்துக்கீசியப் பயணி தொமிங்கோ பாயசு, பதினைந்து இருபது பேரைச் சுமக்கும் வட்டப் படகுகளை அங்கே கண்டு, அவை ஓயாது சுழன்றுகொண்டே செல்வதை வியப்போடு குறித்தார். குதிரைகளைக்கூட ஏற்றலாம் என்றும் எழுதினார். 1803-இல் மராட்டியர்மீது படையெடுத்த ஆர்தர் வெல்லசுலி, வழியிலுள்ள ஆறுகளைக் கடப்பதற்குக் கூடைப் படகுகளை முன்கூட்டியே செய்து வைக்கும்படி கட்டளையிட்டார். பின்னாளில் வெலிங்டன் கோமகன் என்று பெயர் பெற்று, 1815-இல் நெப்போலியனை வென்றவர் இவரே. கூடைப் படகில் பீரங்கி பொருத்தவில்லை என்பது உண்மைதான். ஆனால், மழைக்காலத்து ஆற்றின் இக்கரையில் நின்றுவிட்ட படை எவ்வளவு வலிமை வாய்ந்ததாயினும் என்ன பயன்?

வட்டக் கப்பலில் பீரங்கியையே ஏற்றிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் ருஷியக் கடற்படைத் தலைவர் அந்திரேய் பொப்போவ். கிரிமியப் போருக்குப்பின் 1856-இல் ஏற்பட்ட பாரிசு உடன்படிக்கை, கருங்கடலில் ருஷியா பெரிய போர்க்கப்பல்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்தது. 1871-இல் அந்தத் தடை நீங்கியது. ஆழம் குறைந்த கடற்கரைகளையும் ஆற்று முகத்துவாரங்களையும் காக்க வேண்டும். மிகப் பெரிய பீரங்கிகளும் கனத்த இரும்புக் கவசமும் வேண்டும். கப்பலோ நீரில் ஆழ்ந்துவிடக் கூடாது. இத்தனை நிபந்தனைகளையும் ஒருங்கே பார்த்த பொப்போவ், வட்ட வடிவமான கப்பலைத் தேர்ந்தெடுத்தார்.

அவருடைய கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1873-இல் நீரில் இறக்கப்பட்ட அவருடைய 'நோவ்கோரொத்' என்னும் கப்பலின் விட்டம் ஏறத்தாழ 30.8 மீட்டர். அப்படியானால் அதன் பரப்பு 745 சதுர மீட்டர். சுற்றளவு 97 மீட்டர். அதே பரப்பை, நீளம் அகலத்தைப்போல் ஆறு மடங்கு இருக்கும்படி நீள்சதுரமாக்குங்கள். சுற்றளவு 156 மீட்டராகிவிடும். கவசத்தைச் சுற்றளவு முழுவதும் போர்த்த வேண்டுமல்லவா? வட்டக் கப்பலுக்கு 97 மீட்டர் இரும்பு போதும். மற்றதற்கு 156 வேண்டும். மிச்சமாகும் எடையில் கவசத்தின் கனத்தைக் கூட்டலாம். ஒரே பரப்புள்ள உருவங்களுள் குறைந்த சுற்றளவு உடையது வட்டமே என்று வடிவக்கணிதத்தில் படித்ததை, ஒருவர் 2,500 டன் இரும்பில் எழுதிக்காட்டினார் என்று சொல்ல வேண்டும்.

பயன் என்ன ஆயிற்று? ஆறு இயந்திரங்கள், ஆறு சுழலிகள் பூட்டியும் அந்தக் கப்பல் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே சென்றது. மிதிவண்டியில் செல்லும் நம்மூர்ப் பையன் அதனை முந்திவிடுவான். சுக்கானுக்குக் கட்டுப்படாமையால், இருபக்கத்து இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே திருப்ப வேண்டியிருந்தது. பீரங்கி வெடித்தால் கப்பல் முழுவதுமே பம்பரம்போல் சுற்றியது என்று ஒரு கதை ஐரோப்பா எங்கும் பரவியது. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். சிரிப்பதற்கு ஏற்ற கதைகள் உண்மையைவிட நெடுநாள் வாழ்கின்றன. 1875-இல் இதனினும் பெரிய இரண்டாவது வட்டக் கப்பல் வந்தது. அதன்பின் எவரும் வட்டப் போர்க்கப்பல் கட்டவில்லை. 1903-இல் இரண்டும் படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

பொப்போவைத் தோற்கடித்தது எதிரியன்று, தண்ணீர். அகன்ற உடல் தண்ணீரைத் தள்ளித் தள்ளியே தன் ஆற்றலை இழந்தது. இனித் தண்ணீரை நீக்கிவிடுங்கள். அதாவது, கப்பலை விண்வெளிக்குக் கொண்டுபோங்கள். தடை மறைந்துவிடுகின்றது, கவசக் கணக்கின் ஆதாயம் மட்டும் அப்படியே நிற்கின்றது. வட்டம் அங்கே கோளமாகின்றது. ஒரே கொள்ளளவுள்ள உருவங்களுள் குறைந்த மேற்பரப்பு உடையது கோளந்தானே! 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தபோது அமர்ந்திருந்த அறை, 2.3 மீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம். பெரிய பரிசல் ஒன்றின் அளவுதான். விஞ்ஞானக் கதையாசிரியர்களிலும் சிலர் இதனை உணர்ந்திருந்தனர். அமெரிக்கரான ஈ. ஈ. சுமித்து 1928-இல் வெளியிட்ட கதையிலேயே விண்கப்பல் கோளமாக வருகின்றது.

இந்த இடத்தில் அவசரப்பட்டுக் கோளங்களாலான பெரிய படை ஒன்றை வரைந்துவிடாதீர்கள். விண்வெளிக்கும் ஒரு குணம் உண்டு. அது சூட்டை எளிதில் வாங்கிக்கொள்ளாது. கடற்கப்பலின் இயந்திரச் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொள்கின்றது. வெற்றிடத்திலோ தண்ணீரும் காற்றும் இல்லாமையால், சூடு கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். அதற்கு மேற்பரப்பு வேண்டும். இன்று பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம், அமோனியாவைக் குழாய்களில் ஓட்டி, விரித்த பெரிய தகடுகளின் வழியே தன் சூட்டை வெளியேற்றுகின்றது. கவசத்துக்கு மேற்பரப்பு குறைய வேண்டும். குளிர்ச்சிக்கு மேற்பரப்பு கூட வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் திரைப்படத்தில், சந்திரனையொத்த கோளக் கோட்டை ஒன்று, சூட்டை வெளியேற்றும் சிறு துளை வழியாகவே அழிக்கப்படுகின்றது. படம் எடுத்தவர்கள் அறிந்து செய்தார்களோ, அறியாமல் செய்தார்களோ, பௌதிகம் அந்த ஒரு காட்சியில் அவர்களுக்குத் துணைநின்றது.

விண்ணில் போர்க்கருவி பொருத்திய கலம் வெறுங்கற்பனையும் அன்று. சோவியத்து நாடு 1974 ஜூனில் ஏவிய 'சல்யூத் 3' என்னும் நிலையத்தில் ஒரு விரைவுப் பீரங்கி இருந்தது. அது நிலையத்தின் உடலோடு அசையாதபடி பொருத்தப்பட்டிருந்ததால், குறிபார்க்க வேண்டுமானால் நிலையம் முழுவதையுமே திருப்ப வேண்டும். 1975 ஜனவரியில், உள்ளே மனிதர் எவரும் இல்லாதபோது, தரையிலிருந்து ஆணையிட்டுச் சுட்டுப் பார்த்தனர். குண்டு முன்னே பாய்ந்தால் கலம் பின்னே தள்ளப்படும் அல்லவா? நிலைபெயராதிருக்க இயந்திரங்களையும் உடன் இயக்க வேண்டியிருந்தது. நோவ்கோரொத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட வேடிக்கைக் கதை, நூறு ஆண்டுகள் கழித்து விண்வெளியில் உண்மையான பொறியியற் சிக்கலாக வந்து நின்றது.

அப்படியானால் படையை எப்படி அமைப்பது? நான் ஒகேனக்கல் பக்கமே நிற்பேன். கோளத்தின் மேற்பரப்பைக் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். 20 மீட்டர் விட்டமுள்ள கோளத்தில் ஒரு கன மீட்டருக்கு 0.3 சதுர மீட்டர் மேற்பரப்புத்தான் கிடைக்கும். 2 மீட்டர் விட்டமுள்ளதில் 3 சதுர மீட்டர் கிடைக்கும், பத்து மடங்கு. ஆகவே சிறிய கோளம் எளிதில் குளிர்கின்றது. விரிந்த தகடுகளை எதிரியின் முன் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுவதில்லை. ஒரே பெருங்கப்பலுக்குப் பதிலாக நூறு விண்பரிசல்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று போனால் மற்றவை நிற்கும். கனத்த கவசத்தைச் சிறு கலம் சுமக்காது. சுற்றி நழுவுவதே அதன் கவசம்.

இப்போது அந்தக் கழுதை வருகின்றது. சிறு கலத்தில் எரிபொருளுக்கு இடம் குறைவு. ஒரு கோளின் ஈர்ப்பை நோக்கி இறங்குவது, நீரோட்டத்தோடு பரிசல் இறங்குவது போன்றது. ஏறித் திரும்புவது வேறு காரியம். ஒகேனக்கல்லில் நீரோடு இறங்கிய பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக் கரைவழியே சுமந்து வரும் மனிதரைக் காணலாம். விண்பரிசலைச் சுமந்து வருபவர் யார்? அதற்கு ஒரு தாய்க்கப்பல் வேண்டும். அது எவ்விடத்தில் காத்திருக்கும், எத்தனை நாள் காத்திருக்கும், அதனையே எதிரி அழித்துவிட்டால் நூறு பரிசல்களிலும் உள்ளவர்கள் என்ன ஆவார்கள் என்பவற்றைப் படையை வரைகின்றவர் முதலிலேயே எழுதிவிட வேண்டும். பல கதைகளில் ஆயிரம் கப்பல்கள் அழிந்தன என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். ஒரு கப்பலுக்கு மூவர் என்றாலும் அந்த வரியில் மூவாயிரம் பேர் இருக்கின்றனர். காவிரியில் வெள்ளம் மிகும் நாட்களில் மாவட்ட ஆட்சியர் பரிசல் ஓட்டத் தடை விதிக்கின்றார். எத்தனை பேர் பயணச் சீட்டுக்குக் காத்திருந்தாலும் பரிசல்கள் கரையிலேயே கவிழ்ந்து கிடக்கின்றன. கதைக்குள் வரும் படைத்தலைவனுக்கும் அப்படித் தடை விதிக்கும் ஒருவர் இருக்கின்றாரா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கமாட்டார்.

அடுத்த முறை ஒகேனக்கல் சென்றால், பரிசலில் ஏறியதும் அதன் முன்பக்கம் எது என்று துடுப்புப் போடுபவரைக் கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே, தாம் துடுப்பை இறக்கி நீரை இழுக்கும் பக்கத்தைக் காட்டுவார். அவர் திரும்பி உட்கார்ந்தால் முன்பக்கமும் அவரோடு திரும்பிவிடும். விண்கப்பலை வரையும்போது உங்கள் பென்சிலை அங்கிருந்து தொடங்குங்கள்.