பால் கொடுக்கும் நேரம் நமது உரிமை



84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து மலைக்குத் திரும்பியதும் பல வீடுகளில் புட்டிப்பால் தொடங்கிவிடுகிறது. பால் கொடுக்கக் கொடுக்கத்தான் சுரக்கும். பகல் முழுக்கக் கொடுக்காவிட்டால் தானாகக் குறையும்.

பால்மா டின் சீக்கிரம் தீருதே என்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் பிள்ளை மெலியும். கொதிக்காத பீலித் தண்ணீரில் கரைத்தால் வயிற்றோட்டம் வரும். பால்மா கொடுத்தே ஆகவேண்டிய தாயை யாரும் குறை சொல்லாதீர்கள். டின்னில் உள்ள அளவையும் கொதித்த தண்ணீரையும் நினைவூட்டுங்கள்.

பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு 9 மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம். இல்லாவிட்டால் 1 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது.

தூரத்து மலையிலிருந்து மடுவத்துக்கு ஏறி இறங்கவே அரை மணி போய்விடும். ஆகவே இந்தத் தாய்மாரைக் கிட்டிய மலைக்கு அனுப்பும்படி தலைவர்மார் பெரட்டிலேயே கேட்க வேண்டும். மறுத்தால் திகதியோடு எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

பால் வற்றிய பிறகு சட்டம் பேசிப் பயனில்லை. வேலைக்குத் திரும்பும் முதல் நாளே கேளுங்கள்.