அரிப்பு நிற்பது வேறு, நோய் ஆறுவது வேறு

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் கொட்டாஞ்சேனையில் கூடிய ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை. தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கும் இது உதவும் என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இன்றைக்கு நாங்கள் கதைக்க வந்தது, வெட்கப்பட்டு யாரும் வாய் திறக்காத ஒரு விடயம். படை, படர்தாமரை, சேத்துப்புண், தேமல் என்று பல பேரில் சொல்கிறோமே, அந்தத் தோல் நோயைப் பற்றியும் அதற்கு டொக்டர் எழுதித் தருகிற மருந்தைப் பற்றியும்தான். சிரிக்காதீர்கள். இங்கே இருக்கிற பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு மூன்று பேராவது தொடையிலோ இடுப்பிலோ சொறிந்துகொண்டுதான் இருப்பீர்கள்.

இது பங்கசு என்ற கிருமியால் வருகிறது. மழைக்காலத்தில் லயத்துச் சுவரிலும் தோல் செருப்பிலும் பூஞ்சணம் பூக்கிறதே, அந்தச் சாதியைச் சேர்ந்ததுதான். ஈரமும் சூடும் அதற்குப் பிடிக்கும். மலையில் கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கு, ஈரப் படங்கைக் கட்டுகிற இடுப்பிலும், நாள் முழுதும் நனைகிற கால் விரல் இடுக்கிலும் வருகிறது. கொழும்புக்கு வந்த பிள்ளைகளுக்கோ, குளிருக்குப் பழகின உடம்பு இந்த வெக்கையில் வேர்த்துக் கொட்டுகிறது. வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை அடுப்படியில் நிற்கிறான், கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்குகிறான், ராத்திரி கடை மாடியில் ஐந்தாறு பேர் ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். ஒரே துவாய், ஒரே சவர்க்காரம். ஒருவனுக்கு வந்தால் எல்லாருக்கும் வருகிறது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது உடுப்போடு அதையும் கொண்டு போகிறான். ஒரு மாதத்தில் தங்கச்சிக்குத் தலையிலே வட்டமாக முடி கொட்டுகிறது.

இது வருவதில் குற்றம் ஒன்றும் இல்லை. குளிக்காதவனுக்குத்தான் வரும் என்பதும் பொய். மருந்தைப் பிழையாகப் பாவிக்கிறதில்தான் நாங்கள் கஷ்டப்படுகிறோம்.

முதலாவது பிழை, கடையில் கேட்டு வாங்குகிற டியூப். காலி வீதியில் கொஞ்ச தூரம் நடந்தால் பல பாமசிகள் இருக்கின்றன. ‘அரிப்புக்கு ஒரு கிரீம் தாங்க’ என்று கேட்டால், டொக்டரின் துண்டு இல்லாமலே சில இடங்களில் எதையோ எடுத்துக் கொடுத்து விடுகிறார்கள். பூசின இரண்டாம் நாளே அரிப்பும் சிவப்பும் போய்விடும். ‘அருமையான மருந்து’ என்று கூட்டாளிக்கும் கொடுப்பீர்கள். பத்து நாள் கழித்து முன்னையை விடப் பெரிதாகத் திரும்பி வரும். ஏன்? அதிலே ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். ஸ்டீரொய்ட் அரிப்பை அடக்கும், ஆனால் தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடும். அந்த இடைவெளியில் பங்கசு சத்தமில்லாமல் பரவும். வட்ட வடிவம் கலைந்து போவதால் பார்க்கிற டொக்டருக்கே என்ன நோய் என்று மட்டுக்கட்டக் கஷ்டமாகிவிடும். நாட்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடை இடுக்கில் கீறல் கீறலாக வரி விழும். அந்த வரி பிறகு மறையாது.

இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளோட்ரிமசோல் என்பது பங்கசைக் கொல்கிற மருந்து. குளோபீட்டாசோல் என்பது கடுமையான ஸ்டீரொய்ட். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும், செய்கிற வேலை நேர் எதிர். பீட்டாமெத்தசோன் என்பதும் ஸ்டீரொய்ட்தான். இரண்டையும் ஒரே டியூப்பில் கலந்தும் விற்கிறார்கள். ஆகையால் பெட்டியில் உள்ள பேர் முழுவதையும் மருந்தாளரிடம் வாசிக்கச் சொல்லி, ‘இதிலே ஸ்டீரொய்ட் இருக்கா?’ என்று வாய் விட்டுக் கேளுங்கள். டொக்டர் பார்த்து எழுதியிருந்தால் அது வேறு கதை. பக்கத்து நாடான இந்தியாவிலும் இதே தொல்லை பெருகித்தான், 2018இல் பல ஸ்டீரொய்ட் கிரீம்களைத் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது.

இரண்டாவது, கிரீமைப் பூசுகிற முறை. இடத்தைக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய வைத்துவிட்டுப் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசாதீர்கள். பங்கசு வட்டத்தின் ஓரத்தில்தான் உயிரோடு பரவிக்கொண்டிருக்கும். ஆகவே வெளியிலிருந்து உள்ளே, வட்டத்துக்கு அப்பால் இரண்டு விரல் அகலத்துக்கும் சேர்த்து மெல்லிசாகப் பூச வேண்டும். தடிப்பாக அப்பினால் சீக்கிரம் ஆறும் என்றில்லை. குளோட்ரிமசோல் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. முக்கியமானது இதுதான்: தோல் பார்வைக்குச் சுகமான பிறகும் இரண்டு கிழமை வரை விடாமல் பூச வேண்டும். அரிப்பு நின்ற அன்றைக்கே டியூப்பை மூடி வைக்கிறவர்களுக்குத்தான் மாதா மாதம் திரும்பி வருகிறது.

தலையில் வந்தாலும் நகத்தில் வந்தாலும் கிரீம் மட்டும் காணாது. கிருமி முடி வேருக்குள்ளும் நகத்துக்கு அடியிலும் இருக்கும். உள்ளுக்குக் குளிசை குடிக்கத்தான் வேண்டும். குளிசை என்றால் டொக்டரைப் பார்க்காமல் தொடவே கூடாது.

மூன்றாவது, குளிசை குடிக்கிற முறை. எல்லாக் குளிசையும் ஒன்றல்ல. கிரிசியோபல்வின் என்பது 1950களின் கடைசியில் பாவனைக்கு வந்த பழைய மருந்து. அதை வெறும் வயிற்றில் குடித்தால் உடம்பில் சரியாகச் சேராது. பால், முட்டை, தேங்காய்ப்பால் கறி என்று கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும். அது கிருமியை உடனே கொல்லாது, வளரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். புது முடியும் புதுத் தோலும் வளர்ந்து பழையது விழும் வரை குடிக்க வேண்டும். பிள்ளைகளின் தலைப் படைக்கு ஆறு எட்டுக் கிழமை என்று எழுதுவது அதனால்தான். இட்ராகொனசோல் கப்சூலையும் சாப்பாட்டோடுதான் குடிக்க வேண்டும். கூடவே காஸ்ட்ரைட்டிஸ் குளிசை குடித்தால் அது வேலை செய்யாது. புளூகொனசோலைத் தோல் படைக்குப் பெரும்பாலும் கிழமைக்கு ஒரு முறைதான் எழுதுவார்கள். ‘சீக்கிரம் சுகமாகட்டும்’ என்று தினமும் விழுங்காதீர்கள். ஒரு நாள் மறந்துபோனால் அடுத்த நாள் இரண்டாகக் குடிக்கவும் வேண்டாம். பெரியவர்களின் குளிசையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளைக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு. கீற்றொகொனசோல் குளிசை ஈரலைப் பழுதாக்குகிறது என்று 2013இல் ஐரோப்பாவில் அதை நிறுத்தச் சொன்னார்கள். ஆகவே யாராவது பழைய மீதிக் குளிசையைத் தந்தால் வாங்கிப் போடாதீர்கள்.

நான்காவது, டொக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. அவர் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, பால் கொடுக்கிறீர்களா, பிள்ளை பெற யோசனை இருக்கிறதா? கிரிசியோபல்வினைக் கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. ஆம்பிளைகளும் கேளுங்கள்: அதைக் குடித்து முடித்து ஆறு மாதம் வரை பிள்ளை தரிக்க இடம் கொடுக்கக் கூடாது. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையின் பலனையும் அது குறைத்துவிடும். இதை மிட்வைப் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

இரண்டு, மஞ்சட்காமாலை வந்திருக்கிறதா, ஈரல் வருத்தம் இருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா? இந்தக் குளிசைகள் பலவும் ஈரலுக்குப் பாரம். சாராயமோ கசிப்போ சேர்ந்தால் பாரம் இரட்டிப்பு.

மூன்று, இருதய வருத்தம் இருக்கிறதா? நான்கு, வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள்? புளூகொனசோல் சில சீனி வியாதிக் குளிசைகளோடு சேர்ந்தால் சீனி திடீரென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற வார்பரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு உண்டாகலாம். கொலஸ்ட்ரோல் குளிசை சிலவற்றோடும் ஒத்துப்போகாது. பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை, கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் அப்படியே கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஐந்தாவது, உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போவது, சாப்பாடு பிடிக்காமல் ஓங்காளிப்பது, உடம்பெல்லாம் தடித்துச் சிவப்பது, வாயில் புண் வருவது, தோல் உரிவது, முகம் வீங்கி மூச்சு முட்டுவது. இதில் எது கண்டாலும் விடியும் வரை பார்த்திருக்காதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இன்னொரு கவலையான செய்தியும் உண்டு. டேர்பினபைன் என்கிற நல்ல மருந்துக்கும் கட்டுப்படாத ஒரு பங்கசு நம்முடைய இந்தத் தெற்காசியாவில் பரவிவிட்டது. 2020இல் அதற்கு இந்தியாவின் பேரைச் சேர்த்தே பேர் வைத்தார்கள். 2023இல் அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்திலும் இரண்டு பேருக்கு அது இருப்பதாக அறிவித்தார்கள், அதில் ஒருவர் பங்களாதேஷ் போய் வந்தவர். கண்ட கிரீமைப் பூசுவதும், மருந்தைப் பாதியில் விடுவதும், மீதியைப் பங்கு போடுவதும் இப்படியான கிருமிக்கு நாம் போடுகிற பசளை. முறையாகப் பாவித்தும் நான்கு கிழமையில் குறையவில்லை என்றால் அதே டியூப்பைத் திரும்ப வாங்காமல் டொக்டரிடம் போங்கள். தோலைச் சுரண்டி எடுத்துச் சோதிக்க வழி இருக்கிறது.

மருந்தோடு வீட்டு வேலையும் இருக்கிறது. ஒரே அறையில், ஒரே காம்பராவில் இருக்கிற எல்லாரையும் பாருங்கள், அரிப்பு உள்ளவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து செய்யுங்கள். ஆளுக்கொரு துவாய், ஆளுக்கொரு சீப்பு. உள்ளுடுப்பைச் சுடுதண்ணியில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். கொழும்புப் பிள்ளைகள் இறுக்கமான ஜீன்ஸைக் கொஞ்சம் தள்ளி வைத்துத் தளர்வான பருத்தி உடுப்பு போடுங்கள். பட்டியில் கன்றுக்குட்டிக்கோ, வீட்டுப் பூனைக்கோ வட்டமாக முடி கொட்டியிருந்தால் அதற்கும் வைத்தியம் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு அதிலிருந்தும் தொற்றும்.

தேமலுக்கு ஒரு வார்த்தை. மருந்தில் கிருமி செத்த பிறகும் வெள்ளை நிறம் மாற மாதக்கணக்கில் செல்லும். அதற்காகப் பூசிக்கொண்டே இருக்க வேண்டாம். ஆனால் வெளிறின இடத்தில் அரிப்பும் இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாமல் இருந்தால் அது தேமல் என்று இருந்துவிடாதீர்கள். தொழுநோயாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து இலவசமாக இருக்கிறது, நேரத்தோடு போனால் முழுச் சுகம் வரும்.

எங்கே போவது? கொழும்பில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது. காசு இல்லை, காலையில் போய் நம்பர் எடுத்தால் போதும். தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். அங்கிருந்து டிக்கோயா, நுவரெலியா ஆஸ்பத்திரிகளுக்குத் துண்டு எழுதித் தருவார்கள். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று அம்மாமார் யோசிப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் மாதா மாதம் டியூப் வாங்குகிற காசைக் கூட்டிப் பாருங்கள், ஒரு நாள் பேரை விட அது கூட வரும்.

பொம்பிளைப் பிள்ளைகள் ஆம்பிளை டொக்டரிடம் காட்ட வெட்கப்படுகிறார்கள். அம்மாவோ அக்காவோ கூடப் போங்கள். தாதியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கொழும்பில் இருக்கிற தம்பிமாருக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த முறை லீவுக்குப் போகும்போது, கூட்டாளி தந்த டியூப்பை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். டொக்டர் எழுதின மருந்தைக் கடைசி நாள் வரை பாவித்து, சுகமான உடம்போடு போங்கள். அம்மாவுக்கு அதை விடப் பெரிய தீபாவளிச் சேலை இல்லை.