சைக்கிளும் போகணும், சனமும் பத்திரமா போகணும்

இந்த எபிசோட், குடும்பக் கார்ல சைக்கிள் எடுத்துட்டுப் போறதைப் பத்தி. எப்பவும் போல, பேசினதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுத்தில் தந்திருக்கிறோம்.

திருப்பூர்ல சைக்கிள் புதுசு இல்லை. பனியன் கம்பெனிக்கு சைக்கிள் மிதிச்சுப் போன தலைமுறையோட ஊர் இது. ஆனா இப்போ கியர் சைக்கிள் வாங்கினவங்களுக்கு ஊருக்குள்ள மிதிக்க இடம் இல்லை. அதனால ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு அன்னிக்கு, சைக்கிளைக் கார்ல ஏத்திக்கிட்டு உடுமலை தாண்டி திருமூர்த்தி மலை அடிவாரம், இல்லைன்னா ஆழியாறு பக்கம் போய் மிதிக்கிறோம். கூடவே வீட்டு ஆளுங்க, குழந்தைங்க, டிபன் கேரியர். அஞ்சு சீட்டு கார்ல எல்லாத்தையும் அடைக்கிறப்பதான் சிக்கல் ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, நாங்க நாலு பேரு, ரெண்டு பேரு குழந்தைங்க. வேகன்ஆர் கார். ரெண்டு சைக்கிள். பின்சீட்டை மடிச்சு சைக்கிளை உள்ள போட்டுட்டு, பெரியவனை டிக்கியிலயும் சின்னவளை முன்னாடி அம்மா மடியிலயும் உக்கார வெச்சா போதுமில்லைங்களா?"

நேரா சொல்லிடுறேன்: போதாதுங்க. ஏன்னு பார்ப்போம்.

முதல்ல ஆளு, அப்புறம் சைக்கிள்

கொஞ்சம் பிளஸ் டூ இயற்பியல். கார் 50 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். எதுலயோ மோதி, 0.1 நொடியில நிக்குதுன்னு வைங்க. அந்த நேரத்துல உள்ள இருக்கிற எல்லாத்து மேலயும் அதோட எடையைப் போல சுமார் 14 மடங்கு விசை வரும். 14 கிலோ சைக்கிள் கட்டாம கிடந்தா, முன்னாடி இருக்கிறவர் முதுகுல சுமார் 200 கிலோ மூட்டை வந்து விழுற மாதிரி. அதுவும் மெத்துனு இருக்கிற மூட்டை இல்லை. செயின்ரிங் பல்லு, பெடல், ஹேண்டில்பார் முனைன்னு கூர்மையான பாகங்களோட வர்ற மூட்டை.

இதே கணக்கை மடியில இருக்கிற குழந்தைக்குப் போடுங்க. 20 கிலோ பாப்பா, அந்த ஒரு நொடியில 280 கிலோ. எந்த அம்மாவோட கையும் அதைப் பிடிச்சு வெக்க முடியாது. பாசம் எவ்வளவு இருந்தாலும் விசை கணக்கு மாறாது. கூடவே முன்சீட்டுல ஏர்பேக் வேற இருக்கு. அது வெடிச்சுத் திறக்கிற வேகம், பெல்ட் போட்டு சாஞ்சு உக்காந்திருக்கிற பெரியவங்களுக்காகக் கணக்குப் பண்ணினது. மடியில இருக்கிற குழந்தைக்கு அதுவே ஆபத்து.

பின்சீட்டுக்கு பெல்ட் எதுக்குன்னு இன்னும் நிறைய வீட்டுல கேக்குறாங்க. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி, மும்பை - அகமதாபாத் நெடுஞ்சாலையில, பால்கர் மாவட்டத்துல சூர்யா ஆற்றுப் பாலத்துல நடந்த விபத்தை நினைச்சுப் பாருங்க. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அதுலதான் இறந்தார். விலை உயர்ந்த மெர்சிடிஸ் கார். முன்சீட்டுல இருந்த ரெண்டு பேரும் பலத்த காயத்தோட பிழைச்சாங்க. பின்சீட்டுல இருந்த ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. அவங்க பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னாங்க. அவ்வளவு பெரிய கார்லயே இந்த நிலைமை.

சட்டமும் தெளிவா இருக்கு. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தோட 194பி பிரிவுப்படி, பெல்ட் போடாத பயணியை ஏத்திட்டுப் போனா 1000 ரூபாய் அபராதம். 14 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லைன்னாலும் 1000 ரூபாய்.

அதனால கணக்கு இதுதான்: எத்தனை பேரு வர்றாங்களோ அத்தனை பெல்ட் முதல்ல. டிக்கியில பெல்ட் கிடையாது. அதனால டிக்கியில ஆளும் கிடையாது. மிச்சம் இருக்கிற இடம்தான் சைக்கிளுக்கு.

காருக்கு உள்ளே வெச்சா

ரெண்டு பேரு, ஒரு சைக்கிள்னா உள்ள வெக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. காத்து, மழை, திருட்டு எந்தக் கவலையும் இல்லை.

முதல்ல ரெண்டு சக்கரத்தையும் கழட்டுங்க. குயிக் ரிலீஸ் இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. டிஸ்க் பிரேக் சைக்கிள்னா, சக்கரம் இருந்த இடத்துல பிரேக் பேடுகளுக்கு நடுவுல மடிச்ச அட்டைத் துண்டு ஒண்ணு சொருகிடுங்க. சக்கரம் இல்லாதப்போ யாராவது பிரேக் லீவரை அமுக்கினா பேடு ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் சக்கரம் உள்ள நுழையாது. குழந்தைங்க கண்டிப்பா அமுக்குவாங்க. செயின் பக்கம் மேல பாக்குற மாதிரி, கீழ பழைய போர்வை விரிச்சுப் படுக்க வைங்க.

பின்சீட்டு 60:40-ஆ பிரிஞ்சு மடியிற கார்னா மூணாவது ஆளுக்கும் ஒரு சீட்டு கிடைக்கும். ஆனா சைக்கிள் அவர் பக்கம் நகராத மாதிரி ரெண்டு இடத்துலயாவது கட்டியிருக்கணும். டிக்கி தரையில இருக்கிற கொக்கி, முன்சீட்டோட இரும்புச் சட்டம் இதெல்லாம் கட்டுற இடம். ஐசோஃபிக்ஸ் கம்பி குழந்தை சீட்டுக்காக வெச்சது, அதை விட்டுடுங்க. சைக்கிளை முன்சீட்டு முதுகோட ஒட்டி வெச்சா, அது வேகம் எடுத்து வந்து மோத இடைவெளி இருக்காது. ஒரு பொருள் தளர்வா கிடந்து, பறந்து வந்து அடிக்கிறதுதான் பெரிய சேதம் பண்ணும். கழட்டின சக்கரம், காத்தடிக்கிற பம்ப், டூல் பை எல்லாத்துக்கும் இதே விதி.

பனியன் துணியில கட்டாதீங்க

இது நம்ம ஊருக்கே உரிய பிரச்சினை. எந்த வீட்டுலயும் கட்டிங் வேஸ்ட் துணி ஒரு மூட்டை கிடக்கும். வண்டி துடைக்க, ஓட்டை அடைக்க, மூட்டை கட்ட எல்லாத்துக்கும் அதுதான். சைக்கிளையும் அதுலயே கட்டிடுறோம்.

பனியன் துணி ஏன் உடம்போட ஒட்டி இழுபடுது? அது பின்னல் துணி. நூல் வளையம் வளையமா கோத்து வந்திருக்கு. இழுத்தா முதல்ல அந்த வளையம்தான் நீளும். போட்டுக்க சுகமா இருக்கிறதுக்குக் காரணமும் அதுதான், பாரம் கட்ட லாயக்கில்லாம போறதுக்குக் காரணமும் அதுதான். காலையில இறுக்கின முடிச்சு, நாலு வேகத்தடை தாண்டினதும் தொளதொளன்னு ஆயிடும்.

சீட் பெல்ட் பட்டையைத் தொட்டுப் பாருங்க. அது நெய்த பட்டை. பாலியஸ்டர் பாவு நூல் நீளவாக்குல நேரா ஓடுது, அதனால இழுவிசையை நூல் நேரடியா வாங்கிக்குது. சைக்கிள் கட்டவும் அந்த மாதிரி நெய்த பாலியஸ்டர் பட்டை, பல்லு கடிச்சுப் பிடிக்கிற கேம் பக்கிளோட வாங்குங்க. நைலான் இதைவிட அதிகமா இழுபடும், நனைஞ்சா இன்னும் கொஞ்சம் இளகும். லாரியில பயன்படுத்துற ராட்செட் பட்டை பலமானதுதான், ஆனா ஒரு சொடுக்கு அதிகமா இறுக்கினா மெல்லிய அலுமினிய, கார்பன் ஃபிரேம் நசுங்கிடும்.

கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயிறு? எலாஸ்டிக் நாம ஜட்டிக்கு சப்ளை பண்ணலாம், சைக்கிள் கட்ட வேண்டாம். அது பாரத்தைப் பிடிக்காது, பாரத்தோட சேர்ந்து ஆடும். கழட்டுறப்போ கை நழுவினா கொக்கி நேரா கண்ணுக்கு வரும்.

அந்த பனியன் துணிக்கும் ஒரு வேலை இருக்கு. சைக்கிள் ஃபிரேமும் ரேக்கும் உரசுற இடத்துல நாலு மடிப்பா சுத்துங்க. மெத்தையா அது அருமை. பிடிக்கிற வேலையைப் பட்டை பாக்கட்டும்.

கூரை மேல

கூரையில கம்பி இருக்குன்னு உடனே ஏத்திடாதீங்க. நம்ம ஊர்ல விக்கிற சில கார்கள்ல அந்த ரூஃப் ரெயில் வெறும் அழகுக்கு வெச்சது. பாரம் தாங்குமா, தாங்கினா எத்தனை கிலோன்னு மேனுவல்ல இருக்கும். 50 கிலோன்னு போட்டிருந்தா, அதுல குறுக்குக் கம்பி ஒரு 5 கிலோ, சைக்கிள் பிடிக்கிற கேரியர் ரெண்டுக்கும் 8 கிலோ, 14 கிலோ சைக்கிள் ரெண்டு. மொத்தம் 41. மூணாவது சைக்கிளுக்கு இடம் இருக்கும், எடைக்கு இடம் இல்லை. எலெக்ட்ரிக் சைக்கிள்னா பேட்டரியைக் கழட்டி உள்ள வெச்சாலும் கனம்தான். கூரையை மறந்துடுங்க.

அடுத்தது உயரம். வேகன்ஆர் உயரம் 1.675 மீட்டர். அதுக்கு மேல சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினா சுமார் 2.8 மீட்டர் ஆயிடும். அபார்ட்மென்ட் அடித்தள பார்க்கிங், தாழ்வான ரயில்வே பாலம், ரோட்டோர புளியமரக் கிளை, கல்யாண மண்டப வளைவு எல்லாமே இப்போ ஆபத்து. ஏத்தி முடிச்சதும் டேப் வெச்சு அளந்து, எண்ணை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிடுங்க. வீட்டுக்குத் திரும்பி வர்ற களைப்புல மேல சைக்கிள் இருக்கிறதே மறந்து போகும். அப்போ அந்தச் சீட்டு ஞாபகப்படுத்தும்.

மூணாவது, காத்து. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அவ்வளவு காத்தாலை ஏன் நிக்குது? பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து அங்கதான் பாய்ஞ்சு வருது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர்ல, கூரை மேல நிக்கிற சைக்கிள் எம்மாத்திரம்? ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த வழியில போறீங்கன்னா, முடிஞ்ச வரை கூரையைத் தவிருங்க. ஆழியாறுல இருந்து வால்பாறை ஏறுற 40 கொண்டை ஊசி வளைவுலயும் அப்படித்தான். பாரம் மேல ஏற ஏற வளைவுல கார் சாயுறது கூடும்.

பின்னாடி மாட்டினா

ஏத்தி இறக்க சுலபம், காத்தும் குறைவு. ஆனா அகலக் கணக்கு பாருங்க. பெரியவங்க சைக்கிள் நீளம் சுமார் 1.75 மீட்டர். வேகன்ஆர் அகலம் 1.62 மீட்டர். குறுக்கே மாட்டினா ரெண்டு பக்கமும் சக்கரம் வெளியே நீட்டும். இன்னோவா கிரிஸ்டா அகலம் 1.83 மீட்டர், அதுல அடங்கிடும். சின்ன கார்னா முன் சக்கரத்தைக் கழட்டிட்டு மாட்டுங்க. இது வெறும் வசதிக்காகச் சொல்றது இல்லை. பக்கத்துலயோ பின்னாடியோ அனுமதிச்ச அளவுக்கு மேல நீட்டுற பாரத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்துல 20,000 ரூபாய் அபராதம் போட்டிருக்கு. அதைவிட முக்கியம், நம்ம வண்டியை ஒட்டி முந்துற பைக்காரர். அவருக்குக் கார் அகலம்தான் கண்ணுக்குத் தெரியும், நீட்டிட்டு இருக்கிற சக்கரம் தெரியாது.

நம்பர் பிளேட்டும், பிரேக் லைட்டும், இண்டிகேட்டரும் மறையவே கூடாது. மாட்டினதும் ஒருத்தர் பத்தடி பின்னாடி நின்னு பாருங்க. உள்ள இருக்கிறவர் ஒவ்வொரு லைட்டா போட்டுக் காட்டட்டும். ஒண்ணு மறைஞ்சாலும் ரேக்கை உயர்த்தணும், முடியலைன்னா அந்த ரேக் உங்க காருக்கு ஆகாது. பட்டையால டிக்கிக் கதவுல மாட்டுற ரேக்னா, கொக்கி இரும்பு விளிம்புல பிடிக்கணும். பிளாஸ்டிக் ஸ்பாய்லர்லயோ கண்ணாடியிலயோ பிடிக்கக் கூடாது.

கிளம்பினதுக்கு அப்புறம்

சாஃப்ட்வேர்ல ஒரு மாத்தம் போட்டா, லைவ் போன உடனே ஒரு தடவை சரி பாக்கிறோம் இல்லையா? அதே மாதிரி, முதல் நாலஞ்சு கிலோமீட்டர்ல நிறுத்துங்க. பல்லடம் ரோடுன்னா வீரபாண்டி பிரிவு தாண்டினதும் நிறுத்தலாம். சைக்கிளைப் பிடிச்சு ஆட்டுங்க. கார் ஆடணும், சைக்கிள் தனியா ஆடக் கூடாது. தளர்ந்த பட்டையை இறுக்குங்க. டீக்கு நிறுத்துற ஒவ்வொரு தடவையும் இதையே பண்ணுங்க.

வேகத்துக்கு ஒரு சுலபமான எல்லை இருக்கு. 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரிச்ச கார்னா 80-ஐத் தாண்டினதும் கார் பீப் அடிக்கும். வெளியே சைக்கிள் இருக்கிற அன்னிக்கு அந்த பீப் கேக்கவே கூடாது. 50-க்கும் 100-க்கும் வேகம் ரெண்டு மடங்குதான், மோதல் ஆற்றல் நாலு மடங்கு.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து கார் மொத்த எடை கூடும்போது டயர் காத்தும் கூடணும். டிரைவர் கதவு ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், முழு பாரத்துக்கான எண்ணைப் பாத்து வைங்க.

அப்போ அந்த நாலு பேரு?

நேயருக்கு என் பதில் இது. நாலு பேரும் நாலு பெல்ட்ல. சின்னவளுக்குப் பின்சீட்டுல குழந்தை சீட்டு. ரெண்டு சைக்கிளும் வெளியே, காரோட மேனுவல் அனுமதிச்சா கூரையில, இல்லைன்னா முன் சக்கரம் கழட்டிப் பின்னாடி. ரேக் வாங்க இப்போ பணம் இல்லையா? அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவும் பையனும் ஒரு சைக்கிளோட போகட்டும், அடுத்த வாரம் அம்மாவும் பொண்ணும்.

நண்பர்கள் ஏழெட்டு பேருன்னா செலவைப் பிரிச்சு ஒரு குட்டி யானை பிடிங்க. சைக்கிள் எல்லாம் அதுல, ஆளுங்க கார்ல. "நானும் பின்னாடி சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்"னு யாராவது சொன்னா ஏத்தாதீங்க, அது சரக்கு வண்டி. தூரப் பயணம்னா ரயில்ல சைக்கிளை லக்கேஜா புக் பண்ணவும் வழி இருக்கு.

சைக்கிள்ல கீறல் விழுந்தா பெயின்ட் அடிச்சுக்கலாம். அந்த டிக்கியில உக்கார வெக்க நினைச்ச பையனுக்கு அப்படி எந்த வழியும் இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை கிளம்புறதுக்கு முன்னாடி காரோட மேனுவலை எடுத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.