குளிர்மலை நகரும் கொழுந்து பறிக்கும் கைகளும்



சித்திரை பிறந்துவிட்டால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள நம்மவர் பலர் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் புறப்படுகின்றனர். நாமும் போயிருக்கிறோம். குதிரைப் பந்தயம் பார்த்தோம்; கிறெகரி வாவியில் படகு விட்டோம்; மலர்க் கண்காட்சியில் மயங்கி நின்றோம். அதிற் குற்றமொன்றுமில்லை. ஆனால் அந்த நகரம் எவ்வாறு உண்டாயிற்று, யாருடைய தோள்மீது அது நிற்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? இன்று அதனையே பேச விரும்புகிறோம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்திலுள்ள அவ்விடம் ஒரு காலத்தில் யானையும் மரையும் சிறுத்தையும் உலவிய காடாகவும் புல்வெளியாகவும் இருந்தது. ஆங்கிலத் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் அங்கே தமக்கு மாளிகை அமைத்தார். 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்பவர் ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவினார். அவர் வேட்டை நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். அவ்வேட்டையைப் புகழ்ந்து நூலும் எழுதினார். அவருக்கு முன்னர் மேஜர் றொஜேர்ஸ் என்ற இராணுவ அதிகாரி 1,400 யானைகளுக்கு மேற் கொன்றவர் எனப் பெயர் பெற்றிருந்தார். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அவருடைய கல்லறை இன்றும் நுவரெலியாக் கொல்ப் மைதானத்தின் அருகே இருக்கிறது. விளையாட்டு என்ற பெயரால் நடந்தது இதுதான்.

அதன்பின் நகரம் வளர்ந்தது. 1873இல் கிறெகரி வாவி அமைந்தது. 1875இல் குதிரைப் பந்தயம் தொடங்கிற்று. 1876இல் ஹில் கிளப் தோன்றியது. 1885இல் நானுஓயா வரை புகையிரதம் ஏறி வந்தது. 1889இல் கொல்ப் கழகம் பிறந்தது. ஓடைகளிலே தூண்டிலிட்டு மகிழ்வதற்காகச் சீமையிலிருந்து திறவுட் மீனையும் கொண்டுவந்து விட்டனர். வெள்ளைத் துரைமார்கள் தங்கள் தாய்நாட்டின் சாயலொன்றை நமது மலையுச்சியிலே உண்டாக்கிக்கொண்டனர்.

இத்தனை இன்பத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? முதலிற் கோப்பியிலிருந்து, அது நோயால் அழிந்தபின் தேயிலையிலிருந்து. கோப்பியையும் தேயிலையையும் நட்டு வளர்த்தவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தமிழ் மக்களே அன்றோ! மன்னாரிற் கரையேறிய அவர்கள் மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக நடந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். உயிர் தப்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது 10 அடிக்கு 12 அடி லயன் அறை. துரைக்குக் காடு விளையாட்டுக் களம். தொழிலாளிக்கோ அது சாவின் வழி.

வேட்டையாடியவர்களுக்கே ஒருநாள் அச்சம் பிறந்தது. கொன்று தீர்த்தபின் கொல்வதற்கு ஒன்றும் எஞ்சாதே என்றஞ்சி, 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தனர். 1937இல் வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. 1949இல் அதற்கெனத் தனித் திணைக்களமும் உண்டாயிற்று. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அன்பர்களே, அந்த 1949ஆம் ஆண்டை மறவாதீர்கள்! 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1949இன் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்கைப் பறித்தது. மரைக்கும் சிறுத்தைக்கும் காவல் கொடுத்த அதே ஆண்டில், அம்மலையைப் பொன் விளையும் பூமியாக்கிய மனிதனிடமிருந்து குரல் பறிக்கப்பட்டது. அக்கொடுமையை எதிர்த்து நின்ற செல்வநாயகம் அவர்கள் அவ்வாண்டு டிசம்பரிலேயே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1947இல் நுவரெலியாத் தொகுதியில் வென்ற தொண்டமான் அவர்கள் மக்கள் வாக்கால் மீண்டும் பாராளுமன்றம் புக 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

இது பழங்கதையன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கிற் சிக்கி, சில நாட்களில் இறந்தது. நாடே வருந்தியது. அத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் சிறுத்தைக்காக வைக்கப்படுபவை அல்ல, காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுபவை. வன்னியிலே பயிர் செய்யும் உழவர் பெருமக்களே, ஓரிரவிற் பன்றிக்கூட்டம் புகுந்த தோட்டம் விடியும்போது எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நாட்கூலி போதாமல், லயனுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்திற் போஞ்சியும் கரட்டும் நட்டவன், அதுவும் அழிந்தால் என்ன செய்வான்? அவனைப் பழிப்பது எளிது.

எனினும் ஒன்றைக் கூறாமல் விட்டால் நாம் உண்மை பேசியவராகோம். சுருக்கு வைப்பது தவறு. அது பன்றியையும் சிறுத்தையையும் பிரித்தறியாது. பன்றியைப் பிடித்துண்ணும் விலங்குகளில் ஒன்று சிறுத்தை. அதனைக் கொல்பவன் தன் வயற்காவலனையே கொல்கிறான். காடும் அவ்வாறே. 1988இல் தேசிய வனமாக்கப்பட்டு, 2010இல் உலக மரபுரிமைப் பகுதிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்ட ஹோட்டன் சமவெளியின் மேகக் காடுகள் பனிமூட்டத்தை நீராக்கி ஓடைகளுக்கு ஊட்டுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகியவற்றின் தலையூற்றுகள் அங்கே உண்டு. அந்த மகாவலியே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது. எனவே மூதூர் உழவனுடைய வயலுக்கும் மலையுச்சிக் காட்டுக்கும் உறவுண்டு. மலை வறண்டால் சமவெளியும் வறளும்.

இனி விளையாட்டு. லயன்களுக்கிடையே உள்ள சிறு திடலிலே நம் பிள்ளைகள் பந்தடிக்கின்றனர். மாசியிற் காமன் கூத்து ஆடுகின்றனர். மாரியம்மன் திருவிழாவிலே தப்பொலி மலையெங்கும் எதிரொலிக்கிறது. உண்மையான சமூக வாழ்வு அங்கேதான் இருக்கிறது. 2010இல் டெஸ்ட் கிரிக்கட்டில் 800 விக்கட்டுகளை எட்டிய முத்தையா முரளிதரனின் பாட்டனாரும் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரே. இரண்டு தலைமுறையில் இவ்வளவு முடியுமாயின், எல்லாப் பிள்ளைகளுக்கும் மைதானமும் பள்ளியும் கிடைத்தால் எவ்வளவு முடியும்!

ஆகவே நாம் கேட்பவை பெரியவையல்ல. தோட்ட மக்கள் வாழும் வீட்டுக்கும் பயிரிடும் நிலத்துக்கும் காணி உறுதி வேண்டும். நிலம் தனதென்று அறிந்தவனே அதன் எல்லையிலுள்ள காட்டையும் பேணுவான். விலங்குகளாற் பயிரழிந்தால் காலந்தாழ்த்தாத நட்டஈடு வேண்டும். வனக் காவலிலும் வழிகாட்டிப் பணியிலும் மலையக இளைஞர்க்கு இடம் வேண்டும். அவர்களைவிட அம்மலையை அறிந்தவர் யார்? ஒவ்வொரு தோட்டப் பள்ளிக்கும் ஒரு விளையாட்டிடம் வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடியாது. அடுத்த சித்திரையில் நாம் நுவரெலியாவுக்குச் செல்லும்போது வாவிக்கரையோடு திரும்பிவிட வேண்டாம். ஒரு தோட்டத்துக்கும் செல்வோம். அங்குள்ள ஆசிரியரைக் கண்டு, பள்ளிக்கு என்ன குறை என்று கேட்போம். வைத்தியர் ஒரு நாளையும் வழக்கறிஞர் ஒரு நாளையும் அம்மக்களுக்குக் கொடுக்கட்டும். விருந்தினராய்ப் போன நாம் உறவினராய்த் திரும்புவோம்.