விராலுக்கு ஒரு ரப்பர் தவளை

மலையிலுள்ள அய்யனார் கோவில் ஆற்றில் தூண்டில் போட நினைக்காதீர்கள். அது புலிகள் காப்பகக் காடு. மலைக்குக் கீழே, கண்மாயில் அனுமதி பெற்று விரால் பிடிப்பவர்களுக்குத்தான் இந்தத் தகவல்.

விராலுக்குச் செயற்கை இரையாக ரப்பர் தவளை போடுவோம். நாலு கடி வாங்கியதும் வயிறு கிழியும். தண்ணீர் ஏறி மூழ்கிவிடும். தூக்கி எறிய வேண்டாம். தண்ணீரைப் பிழிந்து, நன்றாகக் காயவைத்து, கிழிசலில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வையுங்கள். மறுபடி மிதக்கும். பித்தளைத் தகடு இரை கறுத்திருந்தால் புளி போட்டுத் தேய்த்தால் போதும். மழுங்கிய தூண்டில் முள்ளை அரத்தால் ராவலாம். துரு உள்ளே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய மீன் இழுக்கும்போது முறியும். மரத்தால் செய்த மீன் இரையில் சாயம் உரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, நகப்பூச்சு இரண்டு முறை.

இப்படிக் கையில் கிடைத்ததை வைத்தே, பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீனவர் 1936-இல் தக்கையைச் செதுக்கி இரை செய்தார். மினுமினுப்புக்குச் சாக்லேட் சுற்றிய தாள். மெருகெண்ணெய்க்குக் காசில்லை; புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். இன்று உலகமெங்கும் விற்கும் ரபாலா இரை அப்படித்தான் பிறந்தது. எத்தனை அழகான கைவேலை!

கழற்றிய துரு முள்ளை மட்டும் கரையில் போடாதீர்கள். ஆடு மாடு மேயும் இடம்.