ஓட்ஸ் பிஸ்கட்டும் ஒன்பது கைகளும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இல்லத்தரசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுக்குமாடி வாழ்க்கையில் நம்மை அதிகம் நெருக்குவது விதிமுறைகளா, அக்கம்பக்கத்தாரா? இதுதான் இன்றைய கேள்வி. முன்னால் பேசியவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று அழகாக வாதாடினார்கள். எனக்கு வாதாடத் தெரியாது. ஓட்ஸ் பிஸ்கட் சுடத் தெரியும். அதைச் சுட்டதால் எனக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். யார் நெருக்கினார்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது நினைவிருக்கும். என் வீட்டுக்காரர் அப்போது ஒரு ஹோட்டலில் வேலை செய்தார். ஆண்டு முடிவதற்குள் அந்த வேலை போய்விட்டது. திருமணப் பரிசாக வந்து, அலமாரிக்கடியில் சும்மா கிடந்த ஓவனை நான் துடைத்து எடுத்தது அப்போதுதான்.

கணக்கு எளிது. 250 கிராம் வெண்ணெய், 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, 200 கிராம் கோதுமை மாவு, 200 கிராம் ஓட்ஸ், ஒரு பிடி உலர்ந்த திராட்சை, அரைத் தேக்கரண்டி சோடா மாவு. வெண்ணெயை உருக்கக் கூடாது, வெளியே வைத்து இளகவிட வேண்டும். கலவையை 20 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தால் தட்டில் பரந்து ஓடாது. 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று பயந்து மறுபடி உள்ளே வைத்தால் கல்லாகிவிடும். ஆறினால் தானே மொறுமொறுப்பாகும். முழுதும் ஆறிய பிறகுதான் போத்தலில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் நமுத்துப்போகும்.

இந்த அளவுக்கு இரண்டு போத்தல் கிடைக்கும். ஒரு போத்தல் 20 வெள்ளி. செலவு போக 8 வெள்ளி நிற்கும். உணவைக் கையாளுபவர்களுக்கான பயிற்சிக்குப் போனேன், டைபாய்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். எல்லாம் ஒழுங்காகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

2022 தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது எங்கள் குடியிருப்பின் கூட்டு நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. நான்கு கட்டளைகள். ஒன்று, வீட்டில் பலகாரம் சுட்டு விற்பதை உடனே நிறுத்த வேண்டும், 200 வெள்ளி அபராதம் கட்ட வேண்டும். இரண்டு, நடைபாதையில் வைத்திருக்கும் பெட்டிகளை அகற்ற வேண்டும். மூன்று, பொருள் எடுக்க வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் மின்தூக்கியில் மேலே வரக்கூடாது. நான்கு, நான்கு மாதப் பராமரிப்புக் கட்டண பாக்கியை 14 நாளில் செலுத்த வேண்டும்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவே மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினேன். "உங்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லையா?" என்றுகூடக் கேட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "சூட்டோடு அடைத்தால் நமுத்துப்போகும் என்று நீதானே சொல்வாய், நாளைக்குப் பார்" என்றார். மறுநாள் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது 757ஆவது சட்டம், 2015இல் நடப்புக்கு வந்தது. அதன் ஒழுங்குமுறைகளில் துணைவிதிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தை வரிவரியாகப் பார்த்தேன்.

முதலில் அபராதம். துணைவிதியை மீறுவோருக்கு 200 வெள்ளி வரை அபராதம் போடலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று கூடுதல் துணைவிதி ஒன்றைப் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றியிருக்க வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பும், விழுந்த வாக்குகளில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும். எங்கள் குடியிருப்பில் அப்படி எதுவும் நிறைவேறவில்லை. இதைப் பணிவாக எழுதிக் கேட்டேன். அபராதத்தை மீட்டுக்கொண்டார்கள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் வெற்றி வீராங்கனை. ஆனால் மற்ற மூன்றையும் படிக்கப் படிக்க என் முகம் சுருங்கியது. நடைபாதை பொதுச்சொத்து. தீப்பிடித்தால் ஓடுகிற வழியில் நான் வெண்ணெய்ப் பெட்டி அடுக்கியிருக்கிறேன். மேலே வருகிற மோட்டார் சைக்கிள்காரர்களை அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது, பயப்படுகிறார்கள்.

பாக்கியோ, பாக்கிதான். எங்களுக்கு மாதம் 300 வெள்ளி கட்டணம். அதில் பத்து விழுக்காடு, 30 வெள்ளி, பெரும் பழுதுகளுக்கான சேமிப்பு நிதி. ஆக 330. நான்கு மாதத்துக்கு 1,320 வெள்ளி. என் வீட்டுக்காரருக்கு வேறு வேலை கிடைத்திருந்தாலும் சம்பளம் பாதிதான். முதலில் வீட்டுக் கடன், பிறகு பள்ளிச் செலவு, மிஞ்சினால் பராமரிப்பு என்று தள்ளிப்போட்டோம். நாங்கள் கட்டாத பணத்தில்தான் எங்களைத் தூக்கிச் செல்லும் மின்தூக்கி ஓட வேண்டும் என்பதை நினைக்கவில்லை.

14 நாள் முடிந்தது. பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறியது. நுழைவட்டை வேலை செய்யவில்லை. அதற்கும் துணைவிதியில் இடமுண்டு. கடைக்குப் போய்த் திரும்பினால் பாதுகாவலர் முன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். என் மகன் கேட்டான், "அம்மா, இது நம்ம வீடுதானே?" அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் தெரிய வந்தது. புகார் கொடுத்தது மேல்வீட்டுச் சீனச் சகோதரி. சண்டை போடத்தான் படியேறினேன். கதவைத் திறந்தவர் மெதுவாகப் பேசச் சொன்னார். உள்ளே அவருடைய தாயார் படுத்திருந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு 11 மணிக்கு ஓவனைப் போடுவேன். வெண்ணெய் வாசம் சன்னல் வழியாக மேலே போகும். நமக்கெல்லாம் அது வாசம். அந்தத் தாயாருக்கோ குமட்டல். இரவெல்லாம் வாந்தி. "உன் கதவைத் தட்டக் கூச்சமாக இருந்தது, அதனால் அலுவலகத்தில் சொன்னேன்" என்றார். பல ஆண்டுகளாக ஒருவர் தலைக்குமேல் ஒருவர் வாழ்கிறோம். அன்றுதான் அவர் பெயரைக் கேட்டேன்.

அன்று முதல் காலை 10 மணிக்கு மேல், 3 மணிக்குள் மட்டுமே சுடுவது என்று வைத்துக்கொண்டேன். மருந்து ஏற்றிய மறுநாள் ஓவனைத் தொடுவதில்லை. பெட்டிகள் என் படுக்கையறைக்குள் வந்தன. வாடிக்கையாளர்களுக்குப் போத்தலை நானே வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதற்கிடையில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தது. அதில் ஒரு சிறப்புத் தீர்மானம். வீட்டில் உணவு தயாரித்து விற்பதை முற்றாகத் தடை செய்வது, மீறினால் 200 வெள்ளி அபராதம். என்னைப்போல் நாசி லெமாக் கட்டுபவர்கள், கேக் செய்பவர்கள் என்று எங்கள் குடியிருப்பில் பலர் உண்டு. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பாக்கி இருந்தால் வாக்களிக்க முடியாது என்கிறது சட்டம். 1,320ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். 165 போத்தல். வட்டிக்குத் தனியாகச் சில போத்தல். இடையில் தீபாவளி வந்ததால் பிழைத்தேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு கடைசிக் காசைக் கட்டி ரசீது வாங்கினேன்.

கூட்டத்துக்கு யார் வந்தார்கள் தெரியுமா? 212 வீடுகள் கொண்ட குடியிருப்பு. பாதிப் பேர் வர வேண்டும். அரைமணி நேரம் காத்திருந்தும் நிறையவில்லை என்றால் வந்தவர்களை வைத்தே நடத்தலாம். அப்படித்தான் நடந்தது. வாக்களித்தவர்கள் 33 பேர். தடைக்கு ஆதரவாக 24 கைகள். எதிராக 9. நான்கில் மூன்று பங்குக்கு 25 வேண்டும், தீர்மானம் தோற்றது. நன்றாகக் கணக்குப் போடுங்கள். எதிர்த்தவர்களில் ஒருவர் வராமல் இருந்திருந்தால், 32இல் 24, சரியாக நான்கில் மூன்று. தடை நிறைவேறியிருக்கும். பல குடும்பங்களின் அடுப்பு ஒரே ஒரு கையில் நின்றது.

அந்த ஒன்பது கைகளில் ஒன்று என்னுடையது. இன்னொன்று, அன்பர்களே, மேல்வீட்டுச் சகோதரியுடையது. "தடை வேண்டாம், நேரம் ஒதுக்கினால் போதும்" என்று எழுந்து சொன்னவரும் அவர்தான்.

இப்போது தலைவர் அவர்களின் கேள்விக்கு வருகிறேன். என்னை நெருக்கியது விதிமுறையும் அல்ல, அக்கம்பக்கமும் அல்ல. நான் படிக்காத விதியும், தட்டாத கதவும், போகாத கூட்டமும்தான் என்னை நெருக்கின. நிர்வாகம் என்று யாரையோ திட்டுகிறோம். அந்தக் குழு நம் வாக்கில் வருவது. நாம் வரவில்லை என்றால் வந்தவர்கள் முடிவு செய்வார்கள், அவர்கள்மேல் குற்றம் இல்லை.

உங்களுக்கும் கடிதம் வந்தால் கிழிக்காதீர்கள், அன்றிரவே பதிலும் எழுதாதீர்கள். எது சட்டம், எது நியாயம், எது மிரட்டல் என்று பிரித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து விற்பதற்கு உங்கள் நகராண்மைக் கழகத்தின் விதி என்ன என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தால் மறைக்காமல் போய்ப் பேசுங்கள். பொதுக்கூட்ட அறிவிப்பு வந்தால் நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

மேல்வீட்டுத் தாயாருக்குச் சிகிச்சை முடிந்தது. போன தீபாவளிக்கு அவரே கேட்டனுப்பினார், சர்க்கரை குறைத்து ஒரு போத்தல். அதற்கு மட்டும் நான் காசு வாங்கவில்லை.